காணாமல் போன வெள்ளிக்கிழமை

லுபேயிடமிருந்து சமோவா அரசாங்கம் பிடுங்கிக்கொண்டது ஒரே ஒரு வெள்ளிக்கிழமையைத்தான். அதோடு அவளுடைய ஓய்வும் போய்த் தொலைந்தது.

அவள் ஏழாம் நாள் சபைக்காரி. சனிக்கிழமை அடுப்பு மூட்டக் கூடாது, துணி துவைக்கக் கூடாது. வெள்ளியன்றே சமைத்து மூடிவைத்துவிட வேண்டும். முப்பது வருடமாகச் சனிக்கிழமை ஆராதனை முடிந்ததும் லுபே பாயில் மல்லாந்துவிடுவாள். மோட்சம் என்று அவள் நம்பியது அந்தப் பாயைத்தான்.

ஒரு டிசம்பரில், கடலில் நாள் மாறும் சர்வதேசத் தேதிக்கோட்டை நாட்டின் மறுபக்கத்துக்கு நகர்த்தினார்கள். வியாழன் இரவு படுத்த ஊர், சனிக்கிழமை கண் விழித்தது. சமைத்துவைக்க வெள்ளி இருக்காதே என்று சபையில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அன்றைய ஜெபம் வெறும் வயிற்றோடு மிக உருக்கமாக நடந்தது.

பிறகுதான் சண்டை. "கோட்டை மாத்தினா கடவுள் எண்ணிக்கை மாறுமா? வியாழனுக்கு அடுத்த நாளுக்குத்தான் சனின்னு பேரு வச்சுட்டாங்க. ஏழாவது நாள் இனிமே ஞாயித்துக்கிழமை," என்றார் போதகர். மாமனார் பௌலோ ஆமென் போட்டார். "காலண்டர்ல சனின்னா சனிதான்," என்றான் புருஷன் எலிசாலா.

பிள்ளைகள் ஆக்லாந்தில். வீட்டு வேலை முழுக்க லுபே தலையில். வெள்ளியன்று புருஷனுக்காகச் சமைத்தாள். சனியன்று வீட்டில் அடுப்பு மூட்டப் புருஷன் விடாததால், மாமனாரின் ஞாயிற்றுக்காகப் பக்கத்து வீட்டு அடுப்பில் டாரோக் கிழங்கு வேகவைத்தாள். ஞாயிறு புருஷனுக்கு வேலை நாள். சூடாக மீன் கேட்டான். பாய் சுருட்டியபடியே கிடந்தது.

மூன்றாம் மாதம், மாமனாரும் உட்கார்ந்திருந்த வெள்ளி மாலை ஜெபத்தில் ஓய்வுநாள் கட்டளையை வாசிக்கச் சொன்னான் எலிசாலா. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகம், வாசலில் நிற்கும் அந்நியன் வரை யாரும் வேலை செய்யக் கூடாது. லுபே இரண்டு தரம் வாசித்தாள்.

"இதுல பொண்டாட்டின்னு வரலையே."

"அதெல்லாம் சொல்லாமலே அடக்கம்," என்றான் எலிசாலா.

"அப்படின்னா நான் எந்த நாள்ல அடக்கம்? நம்ம குதிரையைப் பாருங்க மாமா. சனிக்கிழமை ஒங்க மகன் அதுமேல சுமை ஏத்தறதில்ல. ஞாயித்துக்கிழமை நீங்க ஏத்த விடறதில்ல. வாரத்துல ரெண்டு நாள் நிம்மதியா மேயுது. நாளையிலேருந்து நானும் குதிரை."

சொன்னபடி சனிக்கிழமை படுத்தாள். ஞாயிறும் எழவில்லை.

மதியம் கொல்லையில் புகை வந்தது. கற்களைக் காயவைத்து அதன்மேல் வேகவைக்கும் அடுப்போடு எலிசாலா இருமிக்கொண்டிருந்தான். புனித நாள் என்பதால் பௌலோ அடுப்புக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். "கல்லு இன்னும் காயலடா," என்று மட்டும் சொன்னார்.

போய் உதவலாமா என்று லுபேயின் கை பரபரத்தது. குதிரை அப்படியெல்லாம் எழுந்து போகாது என்று நினைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.