காளிதாஸ் ஏற்றிவைத்த சத்தம்

ரெம்பியா வட்டாரத்தில் காதுகுத்தோ கல்யாணமோ தீமிதியோ, எது நடந்தாலும் காளிதாஸின் ஒலிபெருக்கிதான் முதலில் வந்து இறங்கும். "பின்னால உள்ளவங்களுக்குக் கேக்குதா?" என்று மைக்கில் ஒரு தரம் கேட்பார். பக்கத்துத் தாமான் வீடுகளில் தூங்குகிறவர்களுக்கும் கேட்கும். மனிதர் காதை நம்பித் தொழில் செய்தவர் அல்ல. ஆம்ப்ளிஃபையரில் சிவப்பு விளக்கு எரிந்தால் சத்தம் சரி. எரியாவிட்டால் குமிழை இன்னும் திருகுவார். இப்படித் திருகித் திருகியே தன் காதையும் பாதி பறிகொடுத்தார். அதற்காக அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கவலையெல்லாம் மனைவி தேவமலருக்குத்தான். வீட்டுக் கூடத்தில் ஸ்பீக்கர் பெட்டிகள் உட்கார்ந்திருந்தன, விருந்தாளிகள் நின்றார்கள்.

"கல்யாணத்தன்னிக்கு எங்கப்பாகிட்ட என்னா சொன்னீங்க? மொத பிள்ள பொறந்ததும் இந்த வேலய விட்டுடுறேன்னு சொன்னீங்களா இல்லியா?"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்?" என்பார் காளிதாஸ். சொன்னது அவருக்கு நன்றாகவே நினைவிருந்தது.

சாட்சியும் இருந்தது. அன்று எஸ்டேட் மண்டபத்தில் கூட்டாளி நல்லமுத்து கல்யாணம் முழுவதையும் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். தேவமலர் அதைப் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டியிருந்தார். ஆனால் வீட்டு ரேடியோவில் போட்டால் நாதஸ்வரம் கேட்கும், மேளம் கேட்கும், மாப்பிள்ளை பேசும் இடத்தில் மட்டும் புஸ்ஸென்று ஒரு காற்று. மாமனாரைக் கண்டு பயந்துபோய், மைக்கை விட்டுத் தள்ளி நின்று முனகியிருந்தார் மாப்பிள்ளை. "பாத்தியா, காத்துதான் இருக்கு" என்று சொல்லியே முப்பது வருஷத்துக்கு மேல் தப்பித்துக்கொண்டார்.

அறுபதாம் கல்யாணம் வந்தது. மூத்த மகள் ஷாமினி அந்தக் கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, தாலி கட்டுவதற்கு முன்னால் மண்டபத்தில் போடலாம் என்றாள். கம்ப்யூட்டரில் ஏற்றினால் ஒன்று விடாமல் கேட்கும் என்று அவள் சொன்னதும் காளிதாஸ், சவுண்ட் வேலை என்றால் தான்தான் செய்வேன் என்று முந்திக்கொண்டார்.

ஷாமினி கேசட் கருவிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு வயரைச் செருகிக் கொடுத்தாள். "ரொம்ப சத்தமா வர்ற எடத்தப் பாத்து அளவ வைங்கப்பா. இந்தக் கோடு பச்சையிலயே இருக்கணும். உங்க ஆம்ப்ளிஃபையர் மாரி இல்லலா இது. சிவப்பத் தொட்டா சத்தத்தோட தலைய வெட்டிடும். அப்புறம் யாராலயும் ஒட்ட முடியாது."

காளிதாஸின் முகம் மலர்ந்தது. கேசட்டை அறுத்தால் குட்டு உடைந்துவிடும். அளவை ஏற்றினால்? அப்பா வேலை எப்பவும் இப்படித்தானே என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். மகள் வேலைக்குக் கிளம்பியதும் அளவைக் கடைசி வரைக்கும் தள்ளினார். மேளம் தொடங்கியது, கோடு சிவப்பில் போய் முட்டி நின்றது. தன் பேச்சுக்கும் இதே கதிதான் என்று முடிவுகட்டி, ஓட விட்டுவிட்டுத் தே தாரேக் டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தும் கேட்டுப் பார்க்கவில்லை. எதையும் கேட்டுப் பார்க்கும் பழக்கம் அவருக்கு எப்போது இருந்தது?

அறுபதாம் கல்யாணத்தில் கட்டியிருந்ததும் அவருடைய ஸ்பீக்கர்கள்தான். மாலையும் கழுத்துமாக மணையில் உட்கார்ந்திருந்தார். ஷாமினி பதிவை ஓடவிட்டாள். தகரத்தைத் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு போவதுபோல் நாதஸ்வரம் கரகரத்தது. மேளம் வெடித்தது. "காளிதாஸ் அண்ணன் கைவேல" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. அவரும் பெருந்தன்மையாகச் சிரித்துவைத்தார்.

மேளம் நின்றது. அந்தப் பழைய காற்று, இப்போது மழை இரைச்சல் அளவுக்கு. அதற்குள்ளிருந்து ஓர் இளவட்டத்தின் குரல் எழுத்தெழுத்தாக எல்லா ஸ்பீக்கர்களிலும் வந்தது.

"மாமா... ஒங்க மகள நல்லா பாத்துக்குவேன் மாமா. மொத பிள்ள பொறந்ததும் இந்தச் சத்தம் போடுற வேலய விட்டுடுறேன். அவங்களுக்குச் சத்தம் ஆகாதாம்."

உரக்க வந்ததெல்லாம் சிவப்பில் முட்டித் தலை போய்க் கிடக்க, சிவப்பை எட்டக்கூடத் தெம்பில்லாத அந்த முனகல் மட்டும், அவர் அளவை ஏற்றிய புண்ணியத்தில் முதல் தடவையாக ஊருக்குக் கேட்டது.

"நான் சொன்ன அளவுல வச்சிருந்தா இது கேட்டே இருக்காதுப்பா" என்றாள் ஷாமினி. அவள்தான் அந்த முதல் பிள்ளை.

காளிதாஸுக்கு வெட்கமாக இருந்தது. மாட்டிக்கொண்டதற்காக மட்டும் அல்ல. அவ்வளவு மெதுவாகப் பேசத் தெரிந்த ஒருவனாகத் தான் இருந்ததே அவருக்கு மறந்துபோயிருந்தது. அந்தப் பையனை நம்பித்தான் ஒருத்தி பிறந்த வீட்டை விட்டு வந்திருக்கிறாள்.

தேவமலர் குனிந்த தலையை நிமிர்த்தாமல், "கேட்டுச்சாங்க?" என்றார்.

"கேட்டுச்சு. விட்டுடுறேன்" என்று முனகினார் காளிதாஸ்.

தேவமலர் பக்கத்திலிருந்த மைக்கை எடுத்து அவர் வாயருகே பிடித்தார்.

"பின்னால உள்ளவங்களுக்குக் கேக்கல."