வெற்றிலை பாக்கோடு வந்த டெபாசிட்

மகர்பட்டாவில் கட்டடங்கள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டின் இரண்டாவது படுக்கையறையில் நான் ஒரு பாள்ணாகர் நடத்தினேன். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கு மராத்தியில் அப்படித்தான் பெயர். என் மகன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். அறையும் காலி, என் பொழுதும் காலி. குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதில் எனக்குப் பயமே இல்லை. காசு கேட்பதில்தான் பயம். மளிகைக் கடையில் மீதிச் சில்லறை கேட்கவே நாலு தடவை தொண்டையைச் செருமிக்கொள்கிற ஜென்மம் நான்.

கீழ்வீட்டு மராத்திக்காரி எனக்கு முன்பே இந்தத் தொழிலில் இறங்கியவள். "பெஹலே டெபாசிட், பாத் மே பச்சா", முதலில் டெபாசிட், பிறகுதான் குழந்தை என்று முதல் நாளே எச்சரித்தாள். ஒரு மாதக் கட்டணத்தை முன்பணமாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து நின்றால் கடைசி மாதத்துக்குக் கழித்துக்கொள்ளலாம். சொல்லாமல் கொள்ளாமல் போனால் அது நமக்கு. வங்கியில் வேலை பார்த்த என் கணவர் இதையெல்லாம் ஆங்கிலத்தில் ஒப்பந்தமாக அடித்துக் கொடுத்தார். வீட்டுக்கடன் பத்திரம் தோற்றது. பெற்றோர் ஓடிவிட்டால் என்ன செய்வது என்று அதில் பக்கம் பக்கமாக ஷரத்து இருந்தது. நானே நிறுத்த நினைத்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. வருகிற லட்சுமியை யாராவது வேண்டாம் என்பார்களா என்று இரண்டு பேருமே நினைத்துவிட்டோம்.

அந்த விஜயதசமியன்று கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்த ஒரு தம்பதி, பேச ஆரம்பித்த வயதில் இருந்த மகளோடு வந்தார்கள். இருவருக்கும் ஐ.டி. வேலை. எல்லோரும் கவரில் போட்டு நீட்டும் டெபாசிட்டை அந்தப் பெண் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தாள். வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், அதன்மேல் பணம்.

"நல்ல நாளுங்க்கா. நம்மாளுக வீட்ல உடறோம்னு இப்பத்தான் மனசுக்கு நிம்மதியா இருக்குதுங்க" என்றாள்.

நான் உருகிப்போனேன். தாம்பூலம் வாங்கிய கையால் கையெழுத்து கேட்பதா? ஒப்பந்தம் அலமாரியிலேயே தங்கிவிட்டது. பணத்தைச் சாமி படத்தின் முன்னால் வைத்தேன். அங்கேயே இருந்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். அந்த வாரமே அது வாஷிங் மெஷினாக மாறி பால்கனியில் சுற்ற ஆரம்பித்தது.

மாலை ஆறரைக்குக் குழந்தையை அழைத்துக்கொள்வது என்று பேச்சு. ஆறரை முதலில் ஏழானது, பிறகு எட்டானது. "ரிலீஸ் நேரமுங்க்கா" என்பாள் அந்தப் பெண். அது என்ன ரிலீஸ் என்று எனக்குத் தெரியாது, ஆனால் தினமும் இருந்தது. சமையலறையில் பாத்திரங்களிடம் நான் காரசாரமாகப் பேசிப் பழகுவேன். மணி அடித்துக் கதவைத் திறந்ததும் அந்த வீரமெல்லாம் எங்கேயோ போய்விடும். "பரவால்லம்மா, சாப்ட்டியா?" என்று கேட்டு அவளுக்கும் ஒரு தோசை ஊற்றுவேன்.

"லேட் ஃபீ வாங்க வேண்டிய எடத்துல தோசை குடுக்கற பிராஞ்ச், இந்தியாவுலயே நம்மளது ஒண்ணுதான்" என்றார் என் கணவர்.

மற்ற குழந்தைகள் எல்லாம் என்னை ஆன்ட்டி என்றார்கள். இவள் மட்டும் அம்மா என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே ஆரம்பித்தாள். நான் திருத்தியிருக்கலாம். அவள் கூப்பிட்டால் காதில் விழாததுபோல இருந்து இரண்டாம் முறை கூப்பிட வைக்கிற அளவுக்கு எனக்கு அது பிடித்திருந்தது.

ஒருநாள் மாலை அந்தப் பெண் வந்து கையை நீட்டியபோது, குழந்தை என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "நீ போ. நா அம்மா கூட இருக்கேன்" என்றது. "அடிக் கள்ளி" என்று அவள் சிரித்தபடியே பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனாள். தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டார்களே என்று நான் கதவைத் திறந்தேன். லிஃப்ட் முன்னால் அவள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் இருந்த குழந்தை இன்னும் என்னைக் கூப்பிட்டு அழுதுகொண்டிருந்தது. நான் பாட்டிலோடு சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இந்தக் குழந்தையை நிறுத்திவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். பெற்றவளுக்கு அவள் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கிறேனாம். தியாகி என்ற நினைப்பில் இரண்டு நாள் நிமிர்ந்து நடந்தேன். வெளியில் சொல்வதற்கு முதுகுவலி என்று ஒரு காரணமும் தயார் செய்துகொண்டேன்.

நீயே நிறுத்தினால் டெபாசிட்டை முழுதாகத் திருப்ப வேண்டும் என்றாள் கீழ்வீட்டுக்காரி. தாமதமாக வந்த நாட்களுக்குக் கழித்துக்கொள் என்று ஒரு வழியும் சொன்னாள். கழிக்கத் தொடங்கினால் தோசையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று குழம்பி, அந்த யோசனையையே விட்டேன். பணத்துக்குக் கணவரிடம் போய் நின்றேன். "மெஷினக் குடுத்து அனுப்பிரலாமே" என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

வெற்றிலை பாக்கோடு வந்த பணம், வெற்றிலை பாக்கோடுதான் திரும்பிப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அங்கேதான் வினை. செவ்வாய், வெள்ளியில் வீட்டிலிருந்து பணம் வெளியே போகக் கூடாது. சனி, ஞாயிறு குழந்தை வராது. மிச்ச நாட்களிலும் விளக்கு வைத்த பிறகு பணம் கொடுக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் வழக்கம். அந்தப் பெண்ணோ ஒருநாளும் விளக்கு வைப்பதற்கு முன் வந்ததில்லை. காலையில் கொடுக்கலாம் என்றால், குழந்தையை விட்டுவிட்டு ஒரு காலை லிஃப்டில் வைத்தபடி ஓடுகிறவளிடம் இதை எப்படிச் சொல்வது? வெற்றிலை வாடும், நான் புதிதாக வாங்கி வைப்பேன், அதுவும் வாடும்.

"செக்கா குடுத்துடேன். செக்குக்கு வெளக்கு வச்சது தெரியாது" என்றார் கணவர். தாம்பாளத்தில் செக்கை வைத்துக் கற்பனை செய்து பார்த்தேன், பிடிக்கவில்லை.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை விளக்கே வைக்காமல் காத்திருப்பது என்று துணிந்தேன். சந்தேகத்துக்கு இடம் வேண்டாம் என்று ஹாலில் மின்விளக்கையும் போடவில்லை. தெருவிளக்கு வெளிச்சத்தில் நானும் குழந்தையும் உட்கார்ந்திருந்தோம். எட்டு மணிக்கு மணி அடித்தது.

கதவு திறந்ததும் அந்தப் பெண் பதறிவிட்டாள். "ஐயோ, என்னாச்சுங்க்கா? ஊர்ல யாருக்காச்சும் ஏதாவதுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று இருட்டிலேயே தாம்பாளத்தை நீட்டினேன். அவள் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தாள். வெற்றிலையும் பணமும் தெரிந்தன. தாம்பாளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்தறீங்களாங்க்கா?"

முதுகுவலி என்று ஆரம்பித்தேன். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"அவ உங்கள அம்மாங்கறதுனாலங்களா?"

நான் தாம்பாளத்தை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளினேன்.

"மொதல்ல நானும் அழுதனுங்க்கா. அப்பறம் நெனச்சுப் பாத்தேன். பகல் பூரா அம்மா இல்லாம கெடக்கறதுக்கு, கூப்பட்டா ஏன்னு கேக்க ஒருத்தரு இருக்கறது அவளுக்கு நல்லதுதானுங்களே. அதையும் எடுத்துட்டீங்கன்னா அவ எங்கீங்க்கா போவா?"

இதற்கு நான் எந்தப் பாத்திரத்திடமும் பதில் பேசிப் பழகியிருக்கவில்லை. அழுகை வந்துவிட்டது. குழந்தை எங்கும் போக வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லித் தாம்பாளத்தை என் பக்கம் இழுத்தேன். அவள் விடவில்லை.

"வெத்தல பாக்கோட நீட்டுனத நீங்களே திருப்பி எடுத்துக்கறது நல்லதில்லீங்க்கா. இனி ஆறரைக்கு வந்தர்றனுங்க. இது சத்தியமுங்க" என்று சொல்லிப் பணத்தை எடுத்துக்கொண்டாள்.

ஆகக்கூடி, டெபாசிட்டும் போயிற்று, குழந்தையும் இருந்தது, ஒப்பந்தம் எப்போதும்போல அலமாரியில் இருந்தது. கேட்ட கீழ்வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். மேனேஜரிடம் சண்டையே போட்டாளாம். வெளிச்சம் இருக்கும்போதே வந்து, போகிற வழியில் பூங்காவில் ஊஞ்சல் ஆட்டிவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போனாள். கொஞ்ச நாளில் குழந்தை சாயங்காலம் ஆனதும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்கதவின் பக்கத்திலேயே உட்கார ஆரம்பித்தது. என் மடியில் உட்கார வைத்துக் கதை சொன்னாலும் கண் கதவின் மேல்தான்.

ஒருநாள் மணி அடித்தபோது நான் சமையலறையில் இருந்தேன். குழந்தை ஓடி வந்து என் புடவையைப் பிடித்து இழுத்தது.

"ஆன்ட்டி, கதவத் தொற. அம்மா வந்தாச்சு."

நான் ஆசைப்பட்டது இதற்குத்தானே? இதற்குத்தானே கணவரிடம் பணம் வாங்கினேன், வாரக்கணக்கில் வெற்றிலை வாங்கினேன்? முகம் கொள்ளாத சிரிப்போடு கதவைத் திறந்து, குழந்தையைக் கொடுத்து, டாட்டா காட்டினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஊஞ்சல், ஊஞ்சல் என்று கத்திக்கொண்டே போனாள். உள்ளே வந்து, கட்டில்மேல் ஈரத்துண்டைப் போட்டதற்காகக் கணவரிடம் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சண்டை போட்டேன். அவர் துண்டை எடுத்துக்கொண்டுபோய்க் காயப்போட்டார்.