கரும்பு ஒடிந்த கதை

எங்கள் வீட்டில் அலுக்காமல் சொல்லப்பட்ட கதை ஒன்று உண்டு. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தவள் நான். அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்டபடி, தீபத் திருவிழாவில் கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, நடுவில் புடவைத் தொட்டில் தொங்கவிட்டு, அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு முனையைத் தோளில் சுமந்து என்னோடு மாடவீதி சுற்றினார்கள். மூன்றாவது வீதியில் கரும்பு படக்கென்று ஒடிந்தது. பக்கத்தில் இருந்த பூக்காரி பாய்ந்து என்னைப் பிடித்தாள்.

அம்மாவுக்கு அதில் பயமில்லை, பெருமைதான். "எம் பொண்ணு கனம் தாங்காம கரும்பே ஒடிஞ்சுடுச்சுங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். மலடி என்ற வாய்களுக்கு அதுதான் அவள் பதில்.

நான் பிறந்த மூன்றாம் மாதமே தீபத் திருவிழா வந்தது. நோஞ்சான் பிள்ளையை ஊருக்குக் காட்டக் கூடாதென்று, தொட்டிலை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போட்டவள் அவள். அந்த ஒரு வருடமும் நெய்ச்சோறும் சர்க்கரை கரைத்த பால்மாவும்தான். வாயை மூடினால் மூக்கைப் பிடித்துப் புகட்டினாளாம். இதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

எழுபதுகளில் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயரே கிடையாது, 'குண்டு'தான். கிரிவலம் போனால் அடி அண்ணாமலை வருவதற்குள் தொடை உரசிப் புண்ணாகிவிடும். நான் உட்கார்ந்தால், "புள்ள களைச்சுட்டா" என்று அம்மா அங்கேயே எதையாவது வாங்கி ஊட்டுவாள். பசிக்கிறதா என்று அவள் கேட்டதே இல்லை.

எண்பதுகளில், என் வயிற்றில் பிள்ளை மூன்று மாதம். சர்க்கரை வியாதி, தினமும் இன்சுலின் ஊசி போட வேண்டும் என்றார்கள். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது.

"கணையத்துக்கு ஒரு நரம்பு சேதி சொல்லிட்டே இருக்கும்மா" என்றார் டாக்டர். "சின்ன வயசுலயே உடம்பு ஊதிட்டா அந்தச் சேதி ஜாஸ்தியாயிடும்போல. கணையமும் ஓயாம சுரந்து சுரந்து ஒரு நாள் அசந்துடும். நிச்சயமா சொல்ல முடியல, ஆனா எனக்கு அப்படித்தான் தோணுது."

எனக்குச் சந்தேகமே இல்லை. போதும் என்றாலும் விடாத அந்த நரம்பை எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும்.

எனக்குப் பெண் பிறந்தாள். அம்மா அவளுக்கும் கரும்புத் தொட்டில் வேண்டிக்கொண்டிருந்தாள். "அடுத்த வருஷம் போலாம்டி. இப்ப தூக்கினா என்ன கனம் இருக்கும்?" என்றாள். நான் கேட்கவில்லை. மூன்று மாதக் குழந்தையை நானும் என் கணவரும் சுமந்தோம். கரும்பு துளிகூட வளையவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. அம்மா தலைகுனிந்து பின்னால் வந்தாள்.

சுற்றி முடித்துக் கரும்பைத் துண்டு போட்டுக் கொடுத்தார்கள். அம்மா ஒரு துண்டைக் கடித்து, சாறு வழியும் முனையைக் குழந்தையின் உதட்டில் வைத்தாள். அவள் கையைத் தட்டிவிட்டேன். கரும்பு தெருவில் விழுந்தது. கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"உன்ன உசுரோட வெச்சுக்கத்தானேடி ஊட்டினேன்" என்று அழுதாள்.

"அப்ப ஊசியும் நீயே வந்து போடு" என்றேன்.

மறுநாள் காலையில் வந்துவிட்டாள். ஊசியைக் கொதிக்க வைத்து, மருந்தை ஏற்றி, என் தொடையைப் பிடித்துக் குத்தினாள். அவள் இருந்தவரை அந்த வேலையை வேறு யாருக்கும் விடவில்லை. கரும்பு ஒடிந்த கதையை அதன்பின் அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் கை ஒரு நாளும் நடுங்கவில்லை. என் கோபமும் ஒரு நாளும் குறையவில்லை.