என் முதுகுக்கு அச்செடுத்த சீட்டு

வேலூர்ப் பக்கமிருந்து சித்தூருக்குள் நுழையும் ரோட்டில் என் படம் போட்ட போர்டு ஒன்று போன வருஷத்திலிருந்து நிற்கிறது. ரேஸ் உடுப்பு, இடுப்பில் ஹெல்மெட், பக்கத்தில் மஞ்சள் கார், மேலே மாங்கூழ் கம்பெனியின் பெயர். இந்த மண்ணின் வேகம் என்று தெலுங்கில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊர் குடிபாலாவில் பஸ் ஏறும்போதெல்லாம் போர்டு தெரியாத பக்கமாகப் பார்த்து உட்காருகிறேன். அப்படியும் கண்ணில் பட்டுவிடும். பட்டதும் பற்றிக்கொண்டு வரும். அந்தப் படத்தில் நான் ஈயென்று சிரித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் காரை ஒரே ஒரு ரேஸில்கூட நான் ஓட்டியதில்லை.

திருப்பதியில் இன்ஜினியரிங் படித்தபோது ஊருக்கு வெளியே இருந்த கோ-கார்ட் டிராக்கில் சாயந்திரங்களில் டிக்கெட் கிழித்தேன். கூட்டம் இல்லாத நாட்களில் வண்டியை எடுத்துச் சுற்றுவேன். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, ஆனால் கை வந்துவிட்டது. அங்கே ஒருநாள் வந்த டீம்காரர் என்னைப் பார்த்துவிட்டு, ரேணிகுண்டா ரோட்டில் இருக்கும் தன் ஷெட்டுக்கு வரச் சொன்னார். அவரிடம் இரண்டு ரேஸ் கார்கள் இருந்தன. முதல் காரை ஓட்டும் பெங்களூர்ப் பையன் செலவு முழுவதையும் தானே கொண்டுவந்துவிட்டான். இரண்டாவது காருக்கு ஆள் தேவைப்பட்டது.

"அதுல காசு பேசாதும்மா, ஸ்டாப்வாட்ச்தான் பேசும்" என்றார்.

நம்பினேன். சென்னைப் பக்கத்து டிராக்கில் டெஸ்ட் வைத்தார். ஓட்டிய நாலு பேரில் நான்தான் வேகம். அன்றைக்கே சீட்டும் ஊற்றினார்கள். பெரிய பிளாஸ்டிக் பையைக் காருக்குள் விரித்து, அதன்மேல் என்னை உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் பைக்குள் ஃபோம் கரைசலை ஊற்றுவார்கள். அது சூடாகப் பொங்கி, உடம்பைச் சுற்றி ஏறி, அப்படியே இறுகும். அதுவரை அசையக் கூடாது. மூச்சைக்கூட அளந்துதான் விட்டேன். இறுகிய பிறகு எடுத்துப் பார்த்தால் என் முதுகெலும்பின் வளைவு, இடுப்பு, தோள்பட்டை எல்லாம் அதில் இருந்தன. உலகத்தில் வேறு யாருக்கும் சேராத ஒரு பொருளை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

ஸ்டாப்வாட்ச் பேசும். ஆனால் டயர் வாங்காது. இன்ஜினுக்கு வாடகை, பெட்ரோல், எண்ட்ரி ஃபீஸ், மெக்கானிக்குகளின் சம்பளம், கார்களை ஏற்றிப்போகும் லாரி, எல்லாருக்கும் ரூம். ஒரு சீசனுக்கு ஆகும் தொகையைக் கேட்டபோது எங்கள் தோப்பை விற்றாலும் பாதி தேறாது என்று தெரிந்தது. ஸ்பான்சர் பிடிக்க டீம்காரர் என்னை அழைத்துக்கொண்டு சித்தூரில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போனார். கொளுத்துகிற வெயிலில் அந்தத் தடித்த ரேஸ் உடுப்பைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். ஏசி ரூமில் நான் நிற்க, அவர் பேசினார்: "ரைத்து பொண்ணு சார், விவசாயக் குடும்பம். அவங்க தோப்பு மாங்காய்கூட உங்க ஃபேக்டரிக்குத்தான் வருது." சந்தையில் மாட்டைத் தட்டிக் காட்டுகிற மாதிரி என் தோளைத் தட்டினார். ஃபேக்டரிக்காரருக்குப் பிடித்துவிட்டது. அடுத்த வாரமே காரைக் கொண்டுவந்து நிறுத்தி, என்னைப் பக்கத்தில் நிற்கவைத்து நூறு படம் எடுத்தார்கள். பணமும் வந்தது.

முதல் ரேஸுக்கு ஒரு வாரம் இருந்தபோது டீம்காரர் ஷெட்டில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஃபேக்டரி சாரோட பையன் ஓட்டட்டும்னு கேக்குறாங்கம்மா. நீ ரிசர்வ். டீம்லயேதான் இருக்கப் போற. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"அவரு டெஸ்டுக்கே வரலியே சார்?"

"நேத்து தனியா ஓட்டிப் பாத்தோம். பர்வாலேது, சுமாரா ஓட்டறான்."

"டைம் எவ்ளோ?"

மெக்கானிக்கிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு சுற்றுக்கும் என்னைவிட மூன்று செகண்டு அதிகம். ரேஸில் சுற்றுக்கு மூன்று செகண்டு என்றால் கொஞ்ச நேரத்திலேயே முன்னால் போகிற கார் கண்ணுக்கே தெரியாமல் மறைந்துவிடும்.

திரும்பிப் போய்க் கேட்டேன். "என் மூஞ்சியக் காட்டித்தான சார் பணம் வாங்கினீங்க?"

"பணம் டீமுக்குக் குடுத்தாங்கம்மா. உனக்கு இல்ல" என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை. பால்காரரிடம் நாளைக்கு அரை லிட்டர் போதும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அட்ஜஸ்ட். அந்த வார்த்தையை எந்தப் புண்ணியவான் நம் ஊருக்குள் விட்டானோ தெரியவில்லை. பஸ்ஸில் அட்ஜஸ்ட், கல்யாணத்தில் அட்ஜஸ்ட், கடைசியில் காரிலும் அட்ஜஸ்ட். சொல்கிறவன் ஒருநாளும் நகர மாட்டான். நகர வேண்டியது கேட்கிறவள்தான். கையில் வைத்திருந்த ஸ்பேனரைத் தூக்கி அடிக்கலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். ஃபேக்டரிக்கே போய் அந்த ஏசி ரூமில் கத்துவது என்று முடிவு செய்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. நைனா, என் அப்பா.

"இன்னா பண்ணிக்கினு கீற? துன்னியா?" என்று ஆரம்பித்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். பெங்களூரா ரக மாங்காய் லோடோடு அவர் அந்த ஃபேக்டரி கேட்டில்தான் நின்றிருந்தார். போன வருஷம் விளைச்சல் எக்கச்சக்கம், வாங்குவதற்கு ஆள் இல்லை. டிராக்டர்கள் ரோட்டோரமாக ஒரு கிலோமீட்டருக்கு நின்றன. நாள் ஆக ஆகக் காய் பழுத்து, அழுகி, ஒழுக ஆரம்பித்துவிடும். அந்த வரிசையில்தான் அவரும் ரெண்டு நாளாக நின்றிருந்தார்.

"இப்போ கேட்டுல ஒரு ஆளு வந்து, அந்த ரேஸ் பொண்ணோட அப்பன் நீதானான்னு கேட்டான். ஆமான்னேன். சார் சொன்னாருன்னு என் டிராக்டர மொதல்ல உள்ள வுட சொல்லிட்டான். எல்லாம் உன்னாலதான் கண்ணு."

அந்த நேரத்தில் நான் கத்தியிருந்தால், உள்ளே போய்க்கொண்டிருந்த டிராக்டரை அப்படியே வெளியே திருப்பியிருப்பார்கள். ஒரு வருஷத்து உழைப்பு அதில் இருந்தது. "சரி நைனா, பாத்து வா" என்றேன்.

அடுத்த நாள் ஷெட்டில் என் சீட்டை வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். பையனுக்கு இடுப்பு அகலம். புதுசாக ஊற்ற நேரம் இல்லையாம். லட்சக்கணக்கில் கொடுத்தவர்களுக்கு ஒரு டப்பா ஃபோம் வாங்க நேரம் இல்லை! ஆக்ஸா பிளேடால் இரண்டு பக்கமும் செதுக்கினார்கள். ஆடுகிறது, கொஞ்சம் பிடித்துக்கொள் என்று டீம்காரர் என்னிடம் சொன்னார். பிடித்துக்கொண்டேன். என் இடுப்பு இருந்த இடம் தூள் தூளாக என் செருப்பின்மேல் கொட்டியது. அந்த இடத்தில் நான் கத்தாமல் நின்றேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

ரேஸில் அந்தப் பையன் இரண்டாவது வளைவிலேயே சுழன்று மண்ணில் போய்ச் செருகினான். அவனைத் திட்டக்கூடத் தோன்றவில்லை. அவனுக்கும் அதில் ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. காரைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களில் நானும் ஒருத்தி. யாரோ எடுத்த வீடியோவில் காரின் மாம்பழ ஸ்டிக்கரை அடையாளம் கண்டுகொண்டு, நான்தான் ஓட்டுகிறேன் என்று நைனா ஊரெல்லாம் காட்டினார். ஹெல்மெட்டுக்குள் இருந்தது யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நானும் சொல்லவில்லை. சீசன் முடிந்ததும் சித்தூரில் ஒரு டிராக்டர் ஷோரூமில் சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். படிப்பு முடிந்ததால் வந்துவிட்டேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இந்த வருஷம் தோப்பில் காய் முற்றிக்கொண்டிருக்கும்போது டீம்காரர் போன் செய்தார். போர்டு நன்றாகப் பேசப்பட்டதாம். ஃபேக்டரிக்காரர் மறுபடி படம் எடுக்கச் சொல்கிறாராம். "ரேஸ் யார் சார் ஓட்டுவா?" என்றேன். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

எதிரே நைனா சோறு தின்றுகொண்டிருந்தார். "நீ போ கண்ணு. ஆனா நா இந்த வருஷம் லோட அங்க எடுத்துக்கினு போவல" என்றார்.

"ஏன்? போன வருஷம் மொதல்ல உள்ள வுட்டாங்களே?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வுட்டான். வுட்டு, எடை போட்டு, அழுகல்னு சொல்லி மூணுல ஒரு பங்கக் கழிச்சுட்டான். ஒரு காய்கூட அழுகல. வரிசையில எனக்கு முன்னால நின்னவனுக்குக்கூட அவ்ளோ கழிக்கல. சண்டை போடலாம்னுதான் எழுந்தேன். அவன் காசுல நீ வண்டி ஓட்டிக்கினு கீறியே, நா சண்டை போட்டா உன்ன எறக்கிடுவானேன்னு வாய மூடிக்கினு வந்துட்டேன்."

போனைத் தரையில் வைத்தேன்.

"நா ஓட்டவே இல்ல நைனா."

"இன்னாது?"

"நீ கேட்டுல இருந்து போன் பண்ணியே, அதுக்கு முன்னாலயே என்ன எறக்கிட்டாங்க. என் முதுகுக்கு ஊத்தின சீட்டயும் அறுத்து ஃபேக்டரி சார் பையனுக்குப் போட்டுட்டாங்க. உன் லோடு உள்ள போவுதேன்னு நா வாய மூடிக்கினேன்."

நைனா கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எங்களில் ஒருவரைக் காட்டி மற்றவரை வாயடைத்து, என் இடத்தையும் அவர் காயையும் ஒரே நாளில் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதற்கு நாங்கள் நன்றி வேறு சொல்லியிருக்கிறோம். நைனா என் முன்னால் யாரையும் கெட்ட வார்த்தையில் திட்டியதில்லை. அன்றைக்குத் திட்டினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, "அந்த ஆளுக்குப் போன் போடு" என்றார்.

போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன்.

"படத்துக்கு வரமாட்டேன் சார். போர்டையும் எடுத்துடச் சொல்லுங்க."

"என்னம்மா இப்படிப் பேசற? சீசன் நேரம். உங்கப்பா லோடு இருக்கும் இல்ல?" என்றார் டீம்காரர்.

நைனா போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"லோடு என்னுது சார். அது தோப்புலயே அழுவட்டும், நா பாத்துக்கறேன். எம்பொண்ணு சீட்டு இன்னா ஆச்சு? அத மட்டும் சொல்லு."

நைனா போனை வைக்கவில்லை. காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பதில் வரும்வரை நிற்பவராக நின்றார்.