இறங்காத இடது கை

வங்கி மூலையில் திரும்பும்போது, சுவர் என்று எல்லாரும் கூப்பிடுகிற மனிதரின் இடது கை தானாக இடுப்புக்குக் கீழே இறங்குகிறது. ஆள்காட்டி விரல் ஒரு முறை தரையைக் காட்டிவிட்டு மேலே வருகிறது. அந்த இடத்தில் சாக்கடை மூடி அரை அங்குலம் அமுங்கிக் கிடக்கிறது. பின்னால் பையோடு வந்த அம்மாள், ஏதோ கீழே விழுந்துவிட்டதாக நினைத்துக் குனிந்து தேடுகிறார்.

"ஒண்ணும் விழலம்மா. பள்ளம் இருக்கு, அதான் காட்டினேன். பழக்க தோஷம்" என்று சுவர் கூச்சத்தோடு சிரிக்கிறார். நிற்கிற வண்டியைத் தாண்டினால் உள்ளங்கை முதுகுப் பக்கமாக வீசுகிறது. எதிரே கூட்டம் வந்தால் விரித்த கை மெல்ல அமர்கிறது. இதெல்லாம் நடந்து போகிற மனிதர் செய்கிற காரியம். பார்த்தவர்கள் நரம்புத் தளர்ச்சி என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

சுவர் என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. பதினேழு வருடம் சம்பளத்துக்குச் சைக்கிள் பந்தயம் ஓட்டியவர். ஆள் அகலம், தோள் அதைவிட அகலம். இவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்று மேலே படாது. எதிர்காற்றை இவர் வாங்கிக்கொள்வார். பின்னால் வருகிறவன் காலை மிச்சம் பிடித்துக் கடைசி இருநூறு மீட்டரில் பாய்ந்து ஜெயிப்பான். அணிக்கு எட்டுப் பேர் என்றால் ஜெயிப்பதற்கென்று ஒருவன், அவனுக்கு உழைக்க ஏழு பேர். கல்யாண வீட்டில் எல்லாருமே மாப்பிள்ளை ஆகிவிட முடியுமா? "சுவரை வச்சுத்தான்டா சித்திரம்" என்று மேனேஜர் ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்னாலும் இவர் முதுகில் தட்டுவார். தட்டியதோடு சரி. சித்திரத்துக்குத்தான் பூச்செண்டு.

சட்டைக்குள் முதுகுப் பக்கம் ஏழு தண்ணீர் பாட்டிலைத் திணித்துக்கொண்டு, பின்னால் வரும் காரிலிருந்து முன்னால் ஓடுகிறவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் இவர் வேலை. மலை ஏற்றத்தில் உடம்பின் எடை கீழே இழுக்கும். கூட்டம் போய் அரை மணி கழித்து, நேரக் கெடு முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது வந்து சேருவார். "கடைசியா வந்தாலும் கதவைச் சாத்தறதுக்குள்ள வந்துடுவேன்ல?" என்பார். காற்றுத் தடுக்கும் என்று காலைச் சிரைத்துக்கொள்வதைக் கல்யாணமான புதிதில் பார்த்த மனைவி, "என் காலைவிட உங்க காலு வழவழன்னு இருக்கு, வெளிய சொல்லிடாதீங்க" என்றாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் இப்போதும் வாய் நிறையச் சிரிப்பு.

மனைவியின் தம்பிதான் அந்த அணியின் சித்திரம். ஒல்லி, முன்கோபி. கடைசி இருநூறு மீட்டரில் பேய் பிடித்தவன். மச்சினனை அணியில் சேர்த்ததே இவர்தான். "நீங்க முன்னாடி போறீங்கன்னுதான் அவன அனுப்பறேன்" என்று அக்காக்காரி சொல்லி அனுப்பினாள். ஏழு வருடம் மச்சினன் இவர் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் பின்னால் ஓட்டினான்.

குளிர்காலத்தில் சாலைப் பந்தயம் ஓய்ந்தால் கூரைக்குள், கிண்ணம்போல் ஓரம் உயர்ந்த வட்ட மரத்தளத்தில் ஓட்டம். இரண்டு பேர் ஒரு ஜோடி. ஒருவன் ஓட, மற்றவன் மேல் விளிம்பில் மெதுவாகச் சுற்றி மூச்சு வாங்குவான். முறை வரும்போது ஓடுகிறவன் எட்டி இவன் கையைப் பிடித்து, தன் வேகத்தையெல்லாம் அதில் கொடுத்து முன்னால் வீசுவான். அந்தச் சைக்கிளில் பிரேக் கிடையாது. சக்கரம் சுற்றுகிறவரை காலும் சுற்றியாக வேண்டும். "பிரேக் இல்லாத வண்டியில பொய் சொல்ல முடியாது. கையப் புடிச்சா தெரிஞ்சிடும், அவனுக்குத் தெம்பு இருக்கா, பயப்படறானான்னு" என்பார். மனைவியின் கையைவிட மச்சினன் கைதான் இவருக்கு அத்துப்படி. இதை மனைவி இருக்கும்போது சொல்வதில்லை.

பின்னால் வருகிறவனுக்குச் சாலை தெரியாது. முன்னால் போகிறவன் முதுகுதான் தெரியும். அதனால் அணியில் ஒரே ஒரு சட்டம் எழுதாமலே இருந்தது: பள்ளம் கண்டால் கை காட்டு. மூச்சு முட்டினாலும் காட்டு, முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரிந்தாலும் காட்டு. சுவர் பதினேழு வருடத்தில் ஒரு முறைதான் காட்டவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், அவருடைய கடைசிப் பந்தயம் அது. அடுத்த வருடத்துக்கு ஒப்பந்தம் இல்லை என்று மேனேஜர் முந்தின நாளே சொல்லிவிட்டார். அன்றைக்கென்று பார்த்துக் கால் சொன்ன பேச்சைக் கேட்டது. கோட்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். முன்னால் இவர், ஒட்டினாற்போல் மச்சினன், அதற்குப் பின்னால் மொத்தக் கூட்டமும். இன்னும் கொஞ்ச தூரம் இழுத்துவிட்டு ஒதுங்கி வழி விட வேண்டும். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது: ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் போனால் என்ன?

அதே நொடியில் தார் பெயர்ந்த பள்ளம் கண்ணில் பட்டது. கையை எடுத்தால் மிதியின் தாளம் குலையும். அவனுக்கும் கண் இருக்கிறதே என்று மனசு சமாதானம் சொன்னது. தோளை மட்டும் சாய்த்து விலகிப் போனார். பின்னால் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. மச்சினன்மேல் இன்னும் நாலு பேர் விழுந்தார்கள், வழி அடைபட்டது. சுவர் திரும்பிப் பார்க்கவில்லை. அரை நொடி கீழே இறங்காத கை, கோட்டைத் தொட்டதும் இன்னொரு கையையும் கூட்டிக்கொண்டு மேலே போனது. அந்தப் படம் பத்திரிகையில் வந்தது. அவர் வாழ்க்கையில் ஜெயித்த ஒரே பந்தயம்.

மச்சினனுக்கு இடுப்பு மூட்டு நொறுங்கிப்போனது. மூன்று ஆபரேஷன். இடது கால் இரண்டு விரற்கடை குட்டையானது. இப்போது நீச்சல் குளத்தில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறான். "பாக்கலடா மாப்ளே. சத்தியமா பள்ளத்தப் பாக்கல" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று சுவர் அழுதார். "விடுங்க மாமா" என்றான் அவன். அக்காக்காரியும் நம்பினாள். கோப்பை கூடத்து அலமாரியில் இருக்கிறது. அக்கா வீட்டுக்கு வரும்போதெல்லாம் மச்சினன்தான் அதை எடுத்துத் துடைப்பான். யாராவது வந்தால், "எங்க மாமா ஜெயிச்சது" என்று காட்டுவான். சுவர் அந்த நேரத்துக்குச் சரியாக அடுப்படிக்குப் போய்விடுவார்.

சைக்கிளை விட்டபின் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் வேலைக்குச் சேர்ந்தார். முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் ஒருவர் தள்ள வேண்டும். பின்பக்கம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். வாசற்படி வந்தால், தரை ஓடு பெயர்ந்திருந்தால், லிஃப்டின் விளிம்பு வந்தால், படுத்திருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவார்: "மேடு வருது, லேசா ஆடும்." மயக்கத்தில் இருப்பவருக்கும் சொல்வார். "அவருக்குக் காது கேக்காது, யாருக்குய்யா சொல்றே?" என்று முன்னால் இழுப்பவர் கேலி செய்வார். சுவர் சொல்வதை நிறுத்துவதில்லை.

போன வருடம் மச்சினனின் இடுப்பு மறுபடி தகராறு செய்தது. செயற்கை மூட்டு வைக்க வேண்டும் என்றார்கள். அதே ஆஸ்பத்திரி. வேறொருவரைத் தள்ளச் சொல்லியிருக்கலாம். சுவருக்கு மனசு வரவில்லை. மச்சினன் மல்லாந்து படுத்து, தலைக்குமேல் குனிந்திருக்கும் அந்த முகத்தைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"உங்க முதுகுதான் எனக்கு மனப்பாடம் மாமா. மூஞ்சிய இவ்ளோ கிட்ட இப்பதான் பாக்கறேன். கெழடு தட்டிப்போச்சு."

"வாய மூடிட்டுப் படுடா."

ஆபரேஷன் அறைக்குப் போகும் நடையில் ஒரு வாசற்படி உண்டு. தினம் பத்து முறை சொல்கிற சொல், தானாக வந்துவிட்டது. "மேடு வருது மாப்ளே. லேசா ஆடும்."

"இப்ப சொல்றீங்க" என்றான் மச்சினன்.

சுவரின் கை கம்பியில் நின்றுவிட்டது. முன்னால் இழுத்தவர், "என்னய்யா, சக்கரம் மாட்டிக்கிச்சா?" என்றார். சக்கரத்துக்கு ஒன்றும் இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"உங்க தோள் சாஞ்சுது மாமா. பாக்காத பள்ளத்துக்குத் தோள் சாயாது. ஏழு வருசம் அந்தத் தோளையே பாத்துட்டு ஓட்டினவன் நான்." குரலில் கோபம் இல்லை. அதுதான் பொறுக்கவில்லை. "அக்காவுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்."

எட்டு வருடமாக உள்ளே வைத்திருந்த மன்னிப்பு ஒரு வார்த்தையாகக்கூட வெளியே வரவில்லை. கதவு திறந்தது, நர்ஸ் வந்து கம்பியை வாங்கிக்கொண்டார். மூன்று மணி நேரம் சுவர் அந்த வாசற்படியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொல்லவிடாமல் மச்சினன் முந்திக்கொண்டான் என்று ஒரு அபத்தமான வருத்தம் வேறு. கோப்பையைத் துடைத்துத் துடைத்து எல்லாருக்கும் காட்டியது எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆபரேஷன் முடிந்து மச்சினனை நடக்க வைக்கச் சொன்னார்கள். ஞாயிறுதோறும் காலை ஆறரைக்கு இருவரும் கிளம்புவார்கள். வழக்கம்போல முன்னால் சுவர், கைத்தடியோடு பின்னால் மச்சினன். இடது கை பள்ளம் பள்ளமாகக் காட்டிக்கொண்டு போகும். அக்காக்காரி ஜன்னலில் நின்று, "ரெண்டு பேரும் இன்னும் ரேஸ்லதான் இருக்காங்க" என்று சிரிப்பாள். ஆஸ்பத்திரி நடையில் நடந்ததைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. பேசினால் தேவலை என்று சுவருக்கு இருக்கும். திட்டினால் இன்னும் தேவலை.

போன ஞாயிறு மழை விட்டிருந்தது. வங்கி மூலைக்கு வருமுன் மச்சினன் நின்றான். "இன்னிக்கு நான் முன்னாடி போறேன்."

"தடியோடயா? விழுந்துடுவடா."

"பாத்துக்கறேன். நீங்க பின்னாடி வாங்க."

சுவர் ஒதுங்கி வழி விட்டார். வலது கையில் தடி, இடது கை காலி. இவர் அவனுக்குப் பின்னால் நடப்பது அதுதான் முதல் முறை. முதுகு இளைத்திருந்தது. சட்டைக்குள் தோள் எலும்பு தெரிந்தது. சாலை தெரியவில்லை, அந்த முதுகு மட்டும்தான்.

சாக்கடை மூடியின் பக்கத்தில் மழை புதிதாக ஒரு குழி பறித்திருந்தது. மச்சினனின் தோள் வலப் பக்கம் சாய்ந்தது. தடியைத் தள்ளி ஊன்றினான். காலியாக இருந்த இடது கை இறங்கவில்லை.

சுவர் அந்தத் தோளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, ஒரு அடிகூட விலகாமல், கணுக்கால் முழுகத் தண்ணீருக்குள் காலை வைத்தார்.