தொட்டியம் ரோட்டில் மூச்சு முட்டிய கார்

சரஸ்வதி பூஜையன்று அத்திம்பேர் காரைக் கழுவிச் சந்தனப் பொட்டு வைத்தார். விஜயதசமி கழிந்த வியாழக்கிழமை அது கே.கே. நகரில் இருக்கும் என் பட்டறைக்கு ஆயில் மாற்ற வந்தது. ஐப்பசி முதல் ஞாயிறு தொட்டியம் போகிற வழியில் திணறியது. இந்த வரிசையை நான் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அத்திம்பேரும் சொல்வார். ஆனால் அவர் எப்போதும் வியாழக்கிழமையிலிருந்துதான் தொடங்குவார்.

அத்திம்பேர் என் அக்காவின் கணவர். வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஸ்ரீரங்கத்துக்காரர். பட்டம் வாங்கிவிட்டு நான் டீசல் வண்டி பிரிக்கப் போனதை அவரால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

அந்த ஞாயிறு அவருடைய தம்பி மகளுக்குத் தொட்டியத்தில் நிச்சயதார்த்தம். குடும்பத்தில் மூத்தவர் என்பதால் லக்னப் பத்திரிகையை அவர்தான் படிக்க வேண்டும். முசிறி தாண்டியதும் கார் இழுவையை இழந்தது. செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. வாழைத்தார் ஏற்றிய லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போயின. ஓரமாக நிறுத்தி அரை மணி காத்திருந்தபின், ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது. அத்திம்பேரும் அக்காவும் போய் இறங்கியபோது பத்திரிகையைச் சம்பந்தி வீட்டுக்காரர் ஒருவர் படித்து முடித்திருந்தார்.

மண்டப வாசலிலிருந்தே எனக்குப் போன் வந்தது.

"என்னடா பண்ணினே வண்டியை?"

"ஆயிலும் ஃபில்டரும் மாத்தினேன், அத்திம்பேர். வேற ஒண்ணும் தொடலை."

"நீ தொடற வரைக்கும் நன்னாத்தானே ஓடிண்டிருந்தது?"

தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனபோது கூடம் நிறைய உறவினர்கள். "டாக்டர் வந்தாச்சு. ஃபேன் பக்கம் விடாதீங்கோ, நின்னுடும்" என்றார் அத்திம்பேர். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். கேலி எனக்குப் பழக்கம்தான், அவள் சிரித்ததுதான் தாங்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: இந்தக் கோளாறு என் கையால் வரவில்லை என்று அவள் ஒருத்திக்காவது தெரிய வேண்டும்.

கார் கம்பெனி சர்வீஸுக்குப் போனது. புகைக்குழாயில் அழுத்தம் அதிகம் என்று ஸ்கேனர் சொல்ல, அந்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வையே மாற்றிக் கொடுத்தார்கள். கார்த்திகையில் கல்யாணத்துக்குப் போகும்போது அதே ரோட்டில் அதே கதை. மார்கழி பிறந்த வாரம் அத்திம்பேர் காரை என் பட்டறையில் விட்டுவிட்டு, "நீ கெடுத்ததை நீயே சரி பண்ணு" என்று ஆட்டோ ஏறிவிட்டார்.

அந்த வால்வு என்பது புகைக்குழாய்க்குள் இருக்கும் ஒரு தகட்டுக் கதவு. எஞ்சினையும், புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டியையும் சூடாக்க வேண்டும்போது அது கொஞ்சம் மூடிக்கொள்ளும், வேலை முடிந்ததும் திறந்துகொள்ளும். ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சினால் மூடும், காற்று திரும்பினால் திறக்கும். மூடியபடியே நின்றுவிட்டால் புகை வெளியேறாது, வண்டி திணறும். நீண்ட ஓட்டத்தில்தான் வடிகட்டி தன்னிடம் சேர்ந்த கரியை எரித்துக்கொள்ளும். கதவு மூடுவதும் அப்போதுதான். அதனால்தான் ஊருக்குள் ஓட்டிப் பார்த்தவர்கள் கையில் ஒன்றும் சிக்கவில்லை.

நான் மணப்பாறை வரை ஓட்டினேன். திரும்பும் வழியில் விளக்கு எரிந்தது. சூடு ஆறுவதற்குள் பட்டறைக்கு உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். குழாயைக் கழற்றிவிட்டுக் கைப்பம்பை வால்விலேயே மாட்டி உறிஞ்சினேன், மூடியது. விட்டேன்; சட்டென்று திறந்தது. புது வால்வில் குறையில்லை. மீட்டர் வைத்துப் பார்த்ததில் ஒயரிலும் குறையில்லை. குழாயைத் திரும்பப் பொருத்தி, அதன் மறுமுனையில் பம்பை மாட்டினேன். உறிஞ்சுவதே கஷ்டமாக இருந்தது. மெதுவாக மூடிய கதவு, விட்டபிறகும் திறக்கவில்லை. அப்படியானால் அடைப்பு குழாயில்தான். விரலால் நீவிக்கொண்டே போனேன். வளைவுக்கு அப்பால் ஒரு முடிச்சு தட்டுப்பட்டது.

கறுப்புக் குழாயில் கறுப்புக் கயிறு. மூன்று முடிச்சு, நடுவில் ஒரு துண்டு வசம்பு. சூட்டில் ரப்பர் இளகும்போதெல்லாம் கயிறு இறுகிக் குழாயை நெரித்திருந்தது; ஆறியதும் கொஞ்சம் வழிவிட்டிருந்தது. யார் கட்டியது என்று கேட்கத் தேவையில்லை. என் பட்டறை ஷட்டரிலும் அதே மூன்று முடிச்சு, அதே வசம்பு, அக்கா கட்டியது தொங்குகிறது. முன்பு காரின் முகப்பில் கட்டியதை, லாரி மாதிரி இருக்கிறது என்று அத்திம்பேர் அறுத்து எறிந்திருந்தார். அதனால் இந்தத் தடவை சரஸ்வதி பூஜையன்று, பானெட் திறந்திருந்த நேரத்தில், அவர் கண்ணில் படாத இடமாகப் பார்த்துக் கட்டியிருக்கிறாள்.

குழாயை மாற்றினேன். காரை எடுக்க இருவரும் வந்தார்கள்.

"என்னடா கோளாறு?"

அக்கா அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒருமுறை மிக்ஸி கருகியதற்கு, வருஷம் பூராவும் இலையில் சட்னி விழும்போதெல்லாம் அவளைக் குத்திக்காட்டியவர் இவர்.

"சின்னக் குழாய். நசுங்கியிருந்தது. மாத்திட்டேன்."

"நசுக்கினது யாருன்னு கேட்கலை, போ" என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

கனுப் பொங்கலன்று சீர் கொண்டுபோனேன். அன்று காலைதான் அக்கா உடன்பிறந்தவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று கனுப்பிடி வைத்திருந்தாள். சமையலறையில் தட்டை வாங்கிக்கொண்டே சொன்னாள்:

"நீ முதல்லயே ஒத்துண்டிருந்தா இத்தனை பேச்சு வந்திருக்குமாடா? நீ கை வச்சப்பதான் கயிறும் எங்கேயோ விழுந்துடுத்து போலிருக்கு. நேத்து புதுசா கட்டிட்டேன். அவர்கிட்ட சொல்லிடாதே."

"அக்கா, குழாயை நசுக்கினதே அந்தக் கயிறுதான்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஒரு கயிறு காரை நிறுத்துமா? உன் தப்பை மறைக்க உனக்கு என் கயிறுதான் கிடைச்சுதா?" குரலில் கோபம்கூட இல்லை. கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள்.

வெளியே வந்து கார் பானெட்டைத் திறந்தேன். போன தடவையைவிட ஒரு சுற்று கூடுதலாக, அதே குழாயில்தான் இருந்தது. அவிழ்த்து, பக்கத்தில் இருந்த இரும்புக் கம்பியில் அதே மூன்று முடிச்சோடு கட்டினேன். பானெட்டைச் சாத்தும்போது வாசலில் அத்திம்பேர் நின்றிருந்தார்.

"மறுபடியும் என்னடா நோண்டறே?"

"ஒண்ணுமில்லை."

இனி எதற்காக அந்தக் கார் நின்றாலும், அவர் கனுப் பொங்கலிலிருந்து தொடங்குவார். அக்காவும்தான்.