கரைமடி வடம்

போன ஆடியில் என் தம்பி கடலில் மூழ்கிப் போய்விட்டான். அதன்பிறகு எனக்குக் கட்டுமரத்தில் ஏறக் கால் வரவில்லை. இனயம் கடற்கரை மீன்பிடிக்காரன் கடலுக்குப் பயந்தான் என்றால் ஊர் சிரிக்கும். காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டிலேயே கிடந்தேன்.

ஒருநாள் கூட்டாளி சூசை வந்தான். "ஏலே, கரைமடி வலை இழுக்க ஆளு குறையுது. கடல்ல எறங்காண்டாம். கரையில நின்னு வடம் பிடி மக்கா."

போனேன். சூசைக்குப் பின்னால் நின்று வடத்தைப் பிடித்தேன். "பயமாட்டு இருக்குடே" என்று முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

முன்னால் இழுத்த சூசை திரும்பவில்லை. "எங்க அப்பன் கடல்ல போனப்போ எனக்கும் இப்படித்தாம். பொண்டாட்டிகிட்டகூட சொல்லல்ல."

பின்னாலிருந்து மிக்கேல் அண்ணன் அதட்டினார்: "எனக்கு இப்பளும் உண்டு. நீங்க இழுக்குதியளா, கதை பேசுதியளா?"

வடத்தில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இப்போது மறுபடி கடலுக்குப் போகிறேன். பயம் வருகிற காலைகளில் சூசையிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறுகிறேன்.